மௌனத்திற்கு ஓர் இடம்

1957ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் சென்னை மாநகரில் ஆன்மிக மாநாடு ஒன்று கூடிற்று. ஜோதிர்மடத்தின் சங்கராச்சாரியராக விளங்கி 1953இல் மறைந்த பிரமானந்த சரஸ்வதி அவர்களின் நினைவாகக் கூட்டப்பெற்ற மாநாடு அது. அதன் நிறைவில் வடநாட்டுத் துறவி ஒருவர் எழுந்து, உலகோர் அனைவருக்குமாக ஓர் இயக்கத்தைத் தொடங்குவதாக அறிவித்தார். அவ்வியக்கத்தார் 1958 ஜனவரி முதல் நாளைத் தம் பிறந்தநாளாகக் கொள்கின்றனர். பத்தாண்டு கழிந்து, 1968இல், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாடகர்கள் ரிஷிகேசத்திற்கு வந்து அவர்முன் அமர்ந்தபோது மகரிஷி மகேஷ் யோகி என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அப்பெயர் புறப்பட்ட துறைமுகம் நம் சென்னையே என்பதை நம்மவர் பலர் அறியார்.

காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கண்மூடி அமர்ந்து, கொடுக்கப்பட்ட ஒரு சொல்லை மனத்துள் மெல்ல எண்ணிக்கொண்டிருத்தல். இதுவே அவர் கற்பித்த முறை. இவ்வாறு அமர்வோரின் உடம்பிலும் நரம்பிலும் நாள்தோறும் சேர்ந்துபோன இறுக்கம் தானே கரைந்து வெளியேறிவிடும் என்று பிற்காலத்தில் அவர் விளக்கம் தந்தார். இறுக்கம் என்பது சேர்த்து வைக்கப்படும் சரக்கு, மௌனம் என்பது அதை இறக்கும் கூலியாள் என்னும் இந்தக் கருத்து மேனாட்டில் அபாரமாக விலைபோயிற்று. பின்னர் சுற்றிவந்து சென்னைக்கே திரும்பியது. இன்று தியாகராய நகரிலும் அடையாற்றிலும் தியானப் பயிற்சிக்கு அழைக்கும் அறிவிப்புகளில் நாம் காண்பது பெரும்பாலும் இந்தச் சரக்குக் கணக்கைத்தான்.

கருத்து புதிது, அமர்தல் பழையது. முன்னோர் எதை நாடி அமர்ந்தனர், அவர்களுக்கு இடம் தந்தது யார், அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பவற்றைச் சிறிது நோக்குவோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் கம்பியின்மேல் பாரம் ஏற்றினால் அதனுள் எழும் எதிர்விசையைப் பள்ளிக்கூடப் பௌதிக நூல்கள் ‘தகைவு’ என்று கூறும். ஆங்கிலத்தில் அதே சொல்லை உடம்புக்கும் வழங்கச் செய்தவர் வியன்னாவில் பிறந்து கனடாவின் மாண்ட்ரீல் நகரில் ஆராய்ச்சி நடத்திய ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர். 1936இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவரது சிறு கடிதமே இத்துறையின் தொடக்கம். குளிர், காயம், நஞ்சு என எத்துன்பம் நேரினும் எலிகளின் உடம்பு ஏறத்தாழ ஒரே வகையில் எதிர்த்து நின்று, துன்பம் நீடித்தால் சோர்ந்து வீழ்வதை அவர் கண்டார். தமிழில் இதற்கு ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் வந்து நிலைத்தது. மனச்சோர்வு என்னும் நோயையும் அதே தொடரால் குறிப்பிடும் வழக்கம் பத்திரிகைகளில் பரவியிருப்பது வருந்தத்தக்கது. சுமையும் நோயும் ஒன்றல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் ‘நெஞ்சிலே பாரம்’ என்றனர், ‘கவலை’ என்றனர், மிஞ்சினால் ‘முஸீபத்து’ என்றனர். எலிகளைக் கேளாமலே அவர்கள் அதை அறிந்திருந்தனர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்திற்கு முன்னர் ஹிரா குகையில் தனித்திருந்த வரலாற்றை நம் குழந்தைகளும் அறிவர். ரமளானின் கடைசிப் பத்து நாட்களில் பள்ளியில் தங்கும் இஃதிகாஃப், ஷைகின் சொற்படி முரீது தனித்திருக்கும் கல்வத்து, நாவசையாது உள்ளத்தால் செய்யும் நக்‌ஷபந்தி வழியினரின் திக்ரு, முராக்கபா என்று இவ்வழி விரிந்து செல்கிறது. எனினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிக நெருங்கிய சான்று ஒரு பெருமேதையின் வாழ்விலிருந்தே கிடைக்கிறது.

ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1095. பகுதாதின் நிஜாமிய்யா கலாசாலையில் தலைமைப் பேராசிரியர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். வயது நாற்பதைத் தொடவில்லை. அவர் முன் அமர்ந்து பாடம் கேட்போர் முந்நூறு பேர். அரசவையில் மதிப்பு, அறிஞரிடையே புகழ், எதிர்வாதம் புரிவோர்க்கு அச்சம். இத்தனையும் இருக்க, ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் அவர் உள்ளத்தில் ஒரு போராட்டம் நடந்தது. இப்பதவியில் இருப்பது இறைவனுக்காகவா, பேருக்காகவா என்னும் கேள்வி அவரைத் தின்றது. போகலாம் என்று காலையில் துணிவார். மாலையில் அத்துணிவு தளரும். ஒருநாள் பாடம் சொல்ல வாய் திறந்தார், நா எழவில்லை. மாணவர்களை மகிழ்விக்கவேனும் ஒரு பாடம் நடத்திவிட வேண்டும் என்று முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. பின்னர் உணவும் இறங்கவில்லை. ஒரு வாய் நீரும் தொண்டையைக் கடக்க மறுத்தது. வைத்தியர்கள் வந்து பார்த்தனர். நோய் உள்ளத்திலிருந்து உடம்புக்கு இறங்கியிருக்கிறது, உள்ளம் ஆறினாலன்றி மருந்து பலிக்காது என்று கூறிக் கைவிட்டனர். இவையனைத்தையும் இமாம் அவர்களே ‘அல்முன்கித்’ என்னும் தம் நூலில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கின்றார். செல்யேவுக்கு எண்ணூற்று நாற்பது ஆண்டு முந்திய செய்தி இது.

அவர் பகுதாதை விட்டு வெளியேறி டமாஸ்கஸ் சென்றார். உமையாக்களின் பெரும்பள்ளியில் மனாராவின்மீது ஏறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார். ஏறத்தாழ இரண்டாண்டு அங்கே கழிந்தது. பிறகு பைத்துல் முகத்தஸ், பிறகு ஹஜ்ஜு. ஆனால் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டுவன வேறு இரண்டு. புறப்படுமுன் தம் செல்வத்தைப் பிரித்துக் கொடுத்தவர், பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை மட்டும் ஒதுக்கி வைத்தார். அதுவும் ஈராக்கின் வக்ஃபு வருமானம் அறிஞர்க்கு உதவும் நிலையில் இருந்ததால் இயன்றது. இரண்டாவது, மக்களின் அழைப்பு அவரை ஊருக்கு இழுத்து வந்தது. அதன்பின் மௌனம் தொடர்ச்சியாக வாய்க்கவில்லை, இடையிடையே மட்டுமே கிடைத்தது என்று அவரே கூறுகின்றார். பதினோராண்டு கழித்து, 1106இல், நைஷாப்பூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார். அந்த மௌனத்தில் அவர் சுமையை ‘இறக்கினார்’ என்பதைக் காட்டிலும், சுமையின் பெயரைக் கண்டுகொண்டார் என்பதே பொருத்தம். அவரை வாட்டிய நோய் வேலை மிகுதியால் வந்ததன்று. அதை இருபது நிமிடத்தில் கரைத்துவிட்டு மறுநாள் அதே ஆசனத்தில் அமர்ந்திருந்தால் ‘இஹ்யா உலூமித்தீன்’ நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

டமாஸ்கஸின் மனாராவிலிருந்து சென்னைக்கு வருவோம். இங்கே மௌனத்தில் அமர்ந்த நம்மவருள் முதலில் நினைவுக்கு வருபவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இராமநாதபுரச் சீமையில் தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் இவரே. காதிரிய்யா தரீக்காவில் பைஅத்துப் பெற்றபின் திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிப்பர். ஊர் ஊராக, காடு மேடாக அலைந்து இறுதியில் சென்னை வந்து, இராயபுரத்தில் அந்நாளில் புதர் மண்டிக் கிடந்த ஓரிடத்தில் தங்கினார். 1838இல் அங்கேயே அடக்கமானார். தொண்டியிலிருந்து வந்த அவரால்தான் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்று நம் மேடைகளில் கூறக் கேட்கிறோம். கேட்க இனிக்கிறது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அவ்வூரை 1693இலேயே அதே பெயரால் பெற்றுவிட்டது. மஸ்தான் சாகிபு பிறக்க இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. அவரது பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை. மகாலிங்க ஐயரும் சரவணப்பெருமாள் ஐயரும் அவர்மீது பாமாலை சூட்டினர் என்பது போதாதா? நாம் கவனிப்பது, ஊருக்கு ஒதுங்கிய புதர்க்காடு ஒன்றே அவருக்கு இடமாயிற்று என்பதை. சென்னையில் அப்படியோர் இடம் காசின்றிக் கிடைத்த காலம் அது.

சென்னையின் நடுவே, திருவல்லிக்கேணியில், 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளிவாசலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மரமோ இரும்போ சேராமல் கருங்கல்லால் கட்டியது. லக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் பரம்பரையில் வந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்கள் நவாபின் அழைப்பால் சென்னை வந்து, 1810இல் காலமாகி, அவ்வளாகத்திலேயே துயில்கின்றார்கள். மௌலானா ரூமியின் மஸ்னவிக்கு உரை கண்டவர்கள் அவர்கள். நண்பகலுக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுதில் அந்தக் கல்மண்டபத்தின் தூணோரம் சாய்ந்து, யாதொன்றும் பேசாமல் அமர்ந்திருப்போரை எந்நாளும் காணலாம். அவர்கள் எந்தப் பயிற்சியிலும் சேர்ந்தவர்கள் அல்லர். கட்டணமும் செலுத்தவில்லை.

அதே பள்ளியில் ரமளான் மாலைகளில் இஃப்தார் பரிமாற மயிலாப்பூரிலிருந்து ஒரு கூட்டத்தார் தொப்பியணிந்து வருவதை வாசகர்கள் கண்டிருப்பர். 1947இன் பிரிவினையில் சிந்து நாட்டை விட்டுப் பெயர்ந்து சென்னை வந்த தாதா ரத்தன்சந்த் அவர்கள் நிறுவிய ‘சூஃபிதார்’ ஆலயத்தைச் சேர்ந்த இந்து அன்பர்கள் அவர்கள். பல்லாண்டுகளாக இது நடந்து வருகிறது. வீடும் ஊரும் இழந்தவர்கள் நெஞ்சில் சேர்ந்த பாரம் எத்தகையதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதை அவர்கள் இறக்கிவைத்த இடங்களுள் ஒன்று நம் பள்ளிவாசலின் முற்றம். இது மௌனமாக அமர்தல் ஆகாதுதான். ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி அடையாறு. 1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் தொடங்கிய பிரம்மஞான சபை 1882 டிசம்பரில் தன் தலைமையிடத்தை அடையாற்றின் தென்கரைக்கு மாற்றிக்கொண்டது. ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற பெயரில் 27 ஏக்கராக வாங்கப்பட்டது இன்று ஏறத்தாழ 260 ஏக்கராக விரிந்து, ஆற்றின் முகத்துவாரம்வரை மரநிழலாகக் கிடக்கிறது. அங்குள்ள பேராலமரத்தின் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தபோதும் விழுதுகள் நின்றன. தோட்டத்தினுள் பௌத்தர்க்கு ஒரு கோயில், இந்துக்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்க்கு ஒன்று எனச் சிறுசிறு வழிபாட்டிடங்கள் உண்டு. 1937இல், ஆக்ராவின் மோத்தி மஸ்ஜிதை மாதிரியாகக் கொண்டு ஒரு சிறிய பள்ளிவாசலும் அங்கே எழுந்தது. சபையின் கொள்கைகளில் நமக்கு உடன்பாடில்லாதவை பல. ஆயினும் தென்சென்னை ஒரு பெருநகரமாகப் பெருகும் முன்பே, பேசாமல் அமர்வதற்கென்று இத்தனை நிலத்தைப் பிரித்து வைத்தவர்களை வரலாறு எழுதுவோர் மறக்கலாகாது. பக்கத்தில் எழுந்த தியாகராய நகரோ, நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கிய குடியிருப்பு. இன்று அங்கே இரைச்சலில்லாத ஒரு சதுர கஜத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இத்தோட்டத்துக் கடற்கரையில்தான் 1909இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, உலகாசான் வருவதற்குரிய பாத்திரம் இவன் என்றனர் சபையினர். மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி அச்சிறுவர். அவருக்காகவே உலகளாவிய ஒரு சங்கம் அமைந்தது. 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் ஹாலந்தின் ஓமன் என்னுமிடத்தில் அச்சங்கத்தை அவரே கலைத்துவிட்டார். சீடர் வேண்டாம், குரு வேண்டாம், முறையும் வேண்டாம் என்றார். 1933க்குப் பின் அடையாற்றுத் தோட்டத்துள் அவர் காலெடுத்து வைத்தது 1980இல்தான். ஆனால் ஆற்றுக்கு வடகரையில், கிரீன்வேஸ் சாலையிலுள்ள வசந்த விஹாரில், குளிர்கால மாலைகளில் மரத்தடியில் அவர் பேசுவது சென்னையின் ஆண்டு நிகழ்ச்சிகளுள் ஒன்றாயிருந்தது. மேடையேறியதும் பேசத் தொடங்கிவிடமாட்டார். சற்றுநேரம் கூட்டத்தைப் பார்த்தபடி வாளா அமர்ந்திருப்பார்.

சொல்லை உருவிட்டு மனத்தை அடக்கும் முறையை அவர் ஏளனம் செய்தார். எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும், அது கொக்கோகோலா என்றிருந்தாலும், மனம் மந்தமாகி ஓய்ந்துதான் போகும், அது அமைதியாகாது என்பது அவர் வாதம். அச்சத்தையும் பொறாமையையும் ஓடாமல், ஒளிக்காமல், உள்ளது உள்ளபடி பார்க்கும்போது வருவதே மௌனம். பயிற்சியால் செய்யப்படுவது மௌனமன்று என்றார். மகரிஷியின் இயக்கம் பிறந்த அதே சென்னையில், அதன் அடிப்படையையே மறுக்கும் குரலும் ஆண்டுதோறும் ஒலித்தது. திக்ரைப் பற்றி நமக்குள்ள மதிப்பால் கிருஷ்ணமூர்த்தியின் ஏளனத்தை நாம் ஏற்கவியலாது. இறைவனின் திருநாமமும் ஏதோ ஒரு சொல்லும் ஒன்றாகா. ஆயினும் கஸ்ஸாலி இமாமின் மனாராவை நினைப்போர்க்கு அவர் கூற்றின் மறுபாதி அந்நியமாகத் தோன்றாது.

வழக்கைத் தீர்க்க வைத்தியர்களும் வந்தனர். 1970இல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் வாலஸ் என்பார், மகரிஷியின் முறையில் அமர்ந்தோரின் நாடித்துடிப்பும் உயிர்வளிச் செலவும் குறைவதை வெளியிட்டார். அவருடன் ஆராய்ந்த ஹார்வர்டின் இருதய வைத்தியர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் கண்ட முடிவு இயக்கத்தாருக்கு அவ்வளவு உவப்பானதன்று. இரகசியமாகக் காதில் ஓதப்படும் மந்திரமே வேண்டுமென்பதில்லை. அமைதியான இடத்தில் அமர்ந்து, தத்தம் வழிபாட்டுச் சொல் ஒன்றை மெல்ல நினைத்து, வந்துபோகும் எண்ணங்களோடு மல்லுக்கட்டாமல் இருந்தால் உடம்பு அதே ஓய்வை அடைகிறது என்றார். நம் பாட்டிமார் சுப்ஹுக்குப் பின் தஸ்பீஹுடன் அமர்ந்த விரிப்புக்கும் இதில் பங்குண்டு என்றாயிற்று. 2014இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் இதழொன்று 47 ஆய்வுகளை, 3,515 பேரைப் பற்றியவற்றை, ஒருங்கே எடைபோட்டது. பதற்றத்திலும் சோர்விலும் ஓரளவு நன்மை உண்டு, ஆனால் மருந்தையும் உடற்பயிற்சியையும் விஞ்சியதாகச் சான்றில்லை என்பது அதன் தீர்ப்பு. நிதானமான தீர்ப்பு. மனச்சோர்வு நோய் கண்டவர்க்கு வைத்தியரை மறுத்து, மௌனமாக அமர்ந்தால் போதும் என்று கூறுவோர் பெரும் பாவத்தைச் சுமக்கின்றனர்.

இத்தனையிலும் யாருக்கு இடம் கிடைத்தது? ஆண்களுக்கே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கஸ்ஸாலி இமாம் மனாராவில் இருந்தபோது வீட்டைத் தாங்கியவர்களைப் பற்றி நூல்கள் பேசுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் பெண் தன் இல்லத்தில் தொழுகைக்கென ஒதுக்கிய இடத்தில் இஃதிகாஃப் இருக்கலாம்; ஷாஃபி மத்ஹபிலோ அதற்கும் பள்ளிவாசல் வேண்டும். நம் ஊர்களில் பெண்கள் சென்று தங்கத்தக்க பள்ளிகள் எத்தனை என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும். இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில், மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் குடும்பத்தில், ஒரு மருமகள் அரைமணி நேரம் யாரும் அழைக்காமல் அமர்ந்திருக்க ஒரு மூலை வேண்டுமானால், அதை மற்றவர்கள்தாம் தரவேண்டும். அந்த அரைமணிக்கு உலையையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். ரமளானில் பள்ளிக்குச் செல்லும் கணவருக்கு வீட்டார் ஆண்டுதோறும் செய்து கொடுக்கும் ஏற்பாடுதான் இது. திருப்பிச் செய்வது அரிது.

கிருஷ்ணமூர்த்தி வசந்த விஹாரில் இறுதியாகப் பேசியது 1986 ஜனவரி 4ஆம் நாள். பிப்ரவரியில் அவர் கலிபோர்னியாவில் மறைந்தார். அதே 1986இல், ஏப்ரல் மாதம், சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் ‘சிநேகா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்துடன் தவிப்போருக்கு உதவ எழுந்தது அது. லண்டனில் சாட் வரா என்னும் பாதிரியார் 1953இல் தொடங்கிய தொண்டின் வழி வந்தது. இன்று அது ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவே இயங்குகிறது. அங்கே இருப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். வருபவரின் மதமோ குலமோ கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. உபதேசம் செய்வதும் தீர்வு கூறுவதும் அவர்கள் வேலையன்று. தொலைபேசியில் அழைப்பவரும் நேரில் வருபவரும் பேசுவர், தொண்டர் கேட்டுக்கொண்டிருப்பார். அழைத்தவர் அழுதால் அழுது முடியும்வரை காத்திருப்பார். அவர் ஒன்றுமே பேசாமலிருந்தால், இணைப்பைத் துண்டிக்காமல் இவரும் அந்த மௌனத்திலேயே உடனிருப்பார்.